ஷீபாவின் ஜெபத்தில் நான்

போன வாரம் வகுப்பில் என் மானம் கப்பலேறியது. அதுவும் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்ற நேரத்தில்!

எங்கள் திண்டுக்கல் பள்ளி கிறிஸ்தவப் பள்ளி. முதல் பீரியட் ஜெபத்தோடுதான் தொடங்கும். விருப்பமுள்ள பிள்ளை ஒருத்தி எழுந்து வாய்விட்டு ஜெபிப்பாள். அன்று எழுந்தவள் ஷீபா. ரெட்டியார்சத்திரத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பத்தாம் வகுப்புப் பெண். என் கணக்குப் பாடத்தில் வாயே திறக்காதவள்.

"அன்பான ஆண்டவரே, எங்க மேத்ஸ் மிஸ்ஸுக்காக ஜெபிக்கிறோம். மிஸ் ரொம்ப நல்லவங்க..."

எனக்கு உச்சி குளிர்ந்தது.

"ஆனா முக்கோணவியல் நடத்தும்போது மட்டும் பஸ்ஸைப் புடிக்கப் போற மாதிரி ஓடுறாங்க. டவுட் கேட்டா, 'இம்புட்டுகூடவா தெரியாது'ன்னு கேப்பாங்களோன்னு பயமா இருக்கு. பப்ளிக் எக்ஸாம் வேற வருது. அவங்களுக்குப் பொறுமையையும் எங்களுக்குத் தைரியத்தையும் தாரும். ஆமென்."

ஜெபத்தின் நடுவில் "உட்காரு" என்று அதட்ட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வழக்கமாக முணுமுணுப்பாக வரும் ஆமென், அன்று கூரையைத் தொட்டது. கடைசி பெஞ்ச் மும்தாஜ்கூட கணீரென்று "ஆமீன்" என்றாள்!

வீட்டுக்கு வந்து கணவரிடம் குமுறினேன். மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன் இம்புட்டுக் கோவம்? அந்தப் புள்ள முதுகுக்குப் பின்னாடியா பேசுச்சு? உன்னைய வச்சுக்கிட்டே கடவுள்கிட்டத்தான சொல்லிருக்கு..."

அதுதானே வலிக்கிறது!

வகுப்புக்குள் நுழையும் முன் நானும் ஜெபிப்பவள்தான். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைகளுக்குப் புத்தியைத் தாரும்." இத்தனை வருஷமாக இதே ஜெபம். எனக்கென்று புத்தி கேட்டதே இல்லை. ஏற்கெனவே நிறைய இருப்பதாக நினைப்பு போலிருக்கிறது.

மறுநாள் வாசலில் நின்று, "எனக்கும்" என்று சேர்த்துக்கொண்டேன்.

உள்ளே போய், "எந்த இடத்துல புரியாமப் போச்சு?" என்றேன். ஷீபாதான் எழுந்தாள். "மொத நாள் கோபுரம் வரைஞ்சீங்கல்ல மிஸ்... அங்கயே."

அடக் கடவுளே! அப்படியானால் அதற்குப் பிறகு நடத்தியதெல்லாம் யாருக்கு? சாக்பீஸைப் பிடித்தபடி நின்றேன். எப்படித் தொடங்குவது என்று நிஜமாகவே தெரியவில்லை. மனசுக்குள், "நீரே சொல்லிக்கொடும்" என்றேன்.

கண் ஜன்னல் பக்கம் போனது. வெயிலில் மலைக்கோட்டை. எல்லோரையும் கிரவுண்டுக்குக் கூட்டிப்போனேன். "நீ நிக்கிற இடம் இது. உச்சி அது. நீ தலையைத் தூக்குற அளவுதான் கோணம்." அண்ணாந்து பார்த்த ஷீபா, "அம்புட்டுத்தானா மிஸ்?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் அடைந்த சந்தோஷம் இருக்கிறதே... எந்தப் பாராட்டிலும் கண்டதில்லை.

நேற்று ஷீபாவின் தோழி ஜெபித்தாள். "மேத்ஸ் மிஸ் இப்ப மெதுவா நடத்துறாங்க, ஸ்தோத்திரம். அடுத்ததா, எங்க சயின்ஸ் சாருக்காக ஜெபிக்கிறோம்..."

சாரிடம் நான் மூச்சு விடவில்லை. அவரையும் ஆண்டவர் பார்த்துக்கொள்வார்!