தறிக்குழியிலிருந்து வந்த பதில்

எட்டு வயதில் நான் ஓர் அரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். ஞானோபதேசப் பாடத்தில் தப்பாகப் பதில் சொன்னால் வெல்லம் கிடைக்கும். கண்டுபிடித்த பெருமை முழுக்க என்னுடையது, விளைவுகளும்தான்.

காஞ்சிபுரத்தில் எங்கள் தெரு முழுக்கத் தறிச் சத்தம். சுவரில் சிலுவை மாட்டிய வீடு எங்களுடையது ஒன்று மட்டும்தான். மாட்டியவள் அம்மா. அவள் பிறந்தது பரம்பரையான வேதக்கார வீடு. அப்பா அப்படியில்லை. கல்யாணத்தின்போதே ஞானஸ்நானம் வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார், அவருக்கும் ஆசைதான். ஆனால் அதற்கு முன் செபங்களையும் கேள்வி பதில்களையும் பங்குச் சாமியாரிடம் ஒப்பிக்க வேண்டும். அப்பாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஒருமுறை மாதா கோயிலில் நடந்த வகுப்புக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்திருக்கிறார். அதுகள் இவர் மீசையைப் பார்த்துச் சிரிக்க, எழுந்து வந்தவர்தான். பிறகு சாமியார் எப்போது பேச்செடுத்தாலும், "தறியில பாவு கெடக்குது சாமி, முடிச்சிட்டு வரேன்" என்பார். பண்டிகைப் பூசையில் நன்மை என்கிற நற்கருணை அப்பம் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குத்தான், அந்த வரிசையில் அம்மா தனியாகத்தான் போவாள்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு எனக்குப் புதுநன்மை, அதாவது முதல் தடவையாக நன்மை வாங்குவது, என்று முடிவாயிற்று. சாமியார் வீட்டுக்கு வந்து கேள்வி கேட்பார். தேறினால் புதுநன்மை, கூடவே புதுச் சட்டை. தேறாவிட்டால் அடுத்த வருடம். ஆகவே மாலை தோறும் அம்மா ராட்டினத்தில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே கேள்வி கேட்பாள். நான் எதிரில் உட்கார்ந்து பதிலைக் கத்துவேன். சற்றுத் தள்ளித் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு அப்பா நெய்துகொண்டிருப்பார்.

எனக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. அப்பா தண்ணீர் குடிக்க எழுந்தால் பாடமும் நின்றுவிடும். அவர் திரும்பக் குழியில் இறங்கியதும் அம்மா அதே கேள்வியை மறுபடி கேட்பாள். எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! "இன்னாம்மா, அதையே கேட்டுக்கினு இருக்கற?" என்றால், "உரக்கச் சொல்லுடா, காதுல விழல" என்பாள். என் குரல் தெருமுனை வரைக்கும் விழுந்துகொண்டிருந்தது.

சலித்துப்போய் ஒரு நாள் குறும்பு செய்தேன்.

"சேசுநாதர் எங்கடா பொறந்தாரு?"

"ஐயம்பேட்டையில."

"பெத்லகேம்டா, மடையா!"

குரல் குழியிலிருந்து வந்தது. தறி நின்றது. ராட்டினமும் நின்றது. அப்பா அவசரமாகக் குனிந்து, "இழை அறுந்துபோச்சி" என்றார். நான் எட்டிப் பார்த்தேன். ஒரு இழையும் அறுந்திருக்கவில்லை. முதுகில் ஓர் அறை விழும் என்று காத்திருந்தேன். அம்மாவோ எழுந்துபோய் ஒரு துண்டு வெல்லம் கொண்டுவந்து என் வாயில் திணித்தாள்.

ஏன் என்று யோசித்தேன். யோசனை எனக்கு எப்போதுமே ஆகிவராத வேலை. மறுநாள் சோதனைக்காக, நோவாவின் பேழை தாமல் ஏரியில் தரைதட்டியது என்றேன். குழியிலிருந்து திருத்தம் வந்தது. அடுக்களையிலிருந்து வெல்லம் வந்தது. சரியான பதில் சொல்லிப் பார்த்தேன், வெல்லம் வரவில்லை. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்? அன்றிலிருந்து பாடுபட்டுத் தப்பான பதில்களைத் தயாரித்தேன். லேசான வேலை இல்லை அது. சரியான பதிலென்றால் யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். தப்பானதை நாமேதான் உண்டாக்க வேண்டும்.

சாமியார் வந்தார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய நாற்காலியில் உட்கார்ந்தார். அவருடைய அங்கிப் பையில் எப்போதும் பெப்பர்மின்ட் இருக்கும். அம்மாவே வெல்லம் தருகிறாள் என்றால் சாமியார் எவ்வளவு தருவார்!

"சர்வேசுரன் எத்தனை ஆளா இருக்காரு? சொல்லுப்பா."

"ஏழு ஆளா, சாமி."

அம்மாவின் முகம் வெளிறியது.

"ஆண்டவர் எத்தனையாம் நாள் உயிர்த்தாரு?"

"ஆடி மாசம், சாமி."

சாமியார் பெருமூச்சு விட்டு எழுந்தார். "பையன் இன்னும் தயாராவலம்மா. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"சாமி, போவாதீங்க சாமி! அவனுக்குத் தெரியும்! மூணு ஆளு! மூணாம் நாளு!"

அப்பா குழிக்குள் எழுந்து நின்றிருந்தார். இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார்.

சாமியார் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு நாற்காலியைத் தறிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "அந்த மூணு ஆளு யாரு?"

அப்பா குனிந்து தறியைப் பார்த்தார். கையை லுங்கியில் துடைத்தார். மறுபடி துடைத்தார். அம்மா, "நெய்துக்கினே சொல்லுங்க" என்றாள்.

அப்பா உட்கார்ந்தார். நூலை இழுத்துக்கொண்டு நாடா அந்தப் பக்கம் ஓடியது, பதில் வந்தது. சாமியார் கேட்கக் கேட்க அப்பா நிமிராமலே சொல்லிக்கொண்டு போனார். நான் கத்திய அதே வார்த்தைகள். நான் மூச்சு வாங்கிய இடத்தில் அவரும் மூச்சு வாங்கினார். என் பதில்களை எல்லாம் இந்த மனிதர் திருடி வைத்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே ஆத்திரம்.

கேள்விகள் தீர்ந்ததும் சாமியார், "ஈஸ்டருக்கு இவருக்கு வெள்ளை வேட்டி எடுத்து வைம்மா, ஞானஸ்நானத்துக்கு" என்றார்.

அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். எனக்கு மனசு தாங்கவில்லை. கிட்டே போய் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழுவாதம்மா. அடுத்த வருஷம் கண்டிப்பா பாஸ் பண்ணிடறேன்."

அவள் என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதாள். பெயிலான பிள்ளைக்காக இப்படி உருகுகிற தாய் இந்தத் தெருவில் வேறு யாருக்கு இருக்கிறாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை.