கப்பலோடு போனவர்

1995-ஆம் வருடம். பெங்களூர் ஒக்கலிபுரத்தில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம். ஆடுகோடிப் பக்கம் பிரெஞ்சு மெஷின்களை வாங்கி விற்கும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. மெஷினோடு வரும் கையேடுகளை மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டும். மாலை வகுப்பில் இரண்டு வருடம் பிரெஞ்சு படித்ததுதான் என் தகுதி. ஆனால் தெருவில் எனக்கு 'பிரெஞ்சு டீச்சர்' என்று பெயர். அந்தப் பெயர் எனக்குப் பிடித்தும் இருந்தது.

பக்கத்து வீட்டில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மகன் மருமகளோடு இருந்தார். எண்பதைத் தொடப்போகிற வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழுப்பேறிய தாள் ஒன்றை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார்.

"சொல்ப நேரம் இருக்காம்மா? எங்கப்பா விஷயம். இது பிரெஞ்சுன்னு சொல்றாங்க."

அவருடைய அப்பா காரைக்கால்காரர். முதல் உலகப் போர் சமயத்தில் பிரெஞ்சுப் போர்க்கப்பல் ஒன்றில் கரி அள்ளிப் போடும் வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை. இவர் அப்போது கைக்குழந்தை. 'அங்கேயே ஒரு வெள்ளைக்காரியோடு குடும்பம் நடத்துறான்' என்று ஊரில் பேச்சு. அது தாங்காமல்தான் இவர் அம்மா பெங்களூர் வந்து, கண்டோன்மென்ட் பங்களாக்களில் வேலை செய்து மகனை வளர்த்திருக்கிறார். பிரெஞ்சு அரசாங்கத்திடமிருந்து வந்த அந்தத் தாளை, சாகும்வரை யாரிடமும் காட்ட அம்மா விடவில்லையாம். அம்மா போன பிறகு, அப்பாவும் இறந்திருப்பார் என்று எண்ணி, இவர் ஆடி அமாவாசைதோறும் இருவருக்கும் சேர்த்தே திதி கொடுத்து வந்தார்.

தாளின் மேல்பாதியைக் கரையான் தின்றிருந்தது. மிச்சம் நாலு வரிதான். அதில் 'பாத்திமான்' என்று ஒரு சொல். எனக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் கட்டடம். 'கட்டடத்தோடு காணாமல் போனார்' என்று வந்தது. ஒருவர் எப்படிக் கட்டடத்தோடு காணாமல் போவார்? டைப் அடித்தவரின் பிழை என்று நானே முடிவு கட்டினேன். அலமாரியில் அகராதி இருந்தது. அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்ததால் எழுந்து போய் எடுக்கவில்லை.

"கட்டடத்திலேர்ந்து காணாம போயிட்டாருன்னு இருக்கு அங்கிள். தங்கியிருந்த எடமா இருக்கும்."

"அப்படின்னா... ஓடிப்போயிட்டாரா?"

"அப்படித்தான் தெரியுது."

அவர் தாளை நிதானமாக மடித்தார். "ஊர்க்காரங்க சொன்னது சரிதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருட ஆடி அமாவாசைக்கு அவர் அம்மாவுக்கு மட்டும் திதி கொடுத்தாராம். ஏன் என்று கேட்ட மகனிடம், "அந்த ஓடுகாலிக்கு எதுக்குடா எள்ளும் தண்ணியும்?" என்று கத்தினாராம். மருமகள் சொன்னபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. அப்போதும் என் பிரெஞ்சின் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

டிசம்பரில் ஆபீசுக்காக ஒரு பம்பின் படம் தேடி நூலகம் போனேன். பழைய நீராவி எந்திரங்களைப் பற்றிய பிரெஞ்சுப் புத்தகத்தில் முதல் உலகப் போர்க்கால நாசகாரிக் கப்பல் ஒன்றின் படம். குறுக்கே வெட்டி உள்பாகம் தெரிவதுபோல வரைந்திருந்தார்கள். கீழே விளக்கம், 'இந்த பாத்திமான்' என்று தொடங்கியது. கடற்படையில் அந்தச் சொல்லுக்குக் கப்பல் என்று அர்த்தம். அந்தத் தாளில் இருந்தது, 'கப்பலோடு காணாமல் போனார்'.

நின்றபடியே மீதியைப் படித்தேன். வேகத்துக்காகவே ஒல்லியாகக் கட்டிய கப்பல். அறுபது மீட்டர் நீளம்கூட இல்லை, அகலம் ஆறு மீட்டர் சொச்சம். நாலு புகைபோக்கி, மெல்லிய தகடு. நடுவில் எந்திரம், அதற்கு முன்னும் பின்னும் கொதிகலன்கள். முழு வேகத்தில் ஓட வேண்டுமென்றால் கொதிகலன் அறையின் மூடிகளைச் சாத்திவிட்டு உள்ளே காற்றை அழுத்துவார்களாம். கரி போடுகிறவர்கள் அந்த மூடிக்குக் கீழேதான். எதிரியின் டார்பிடோ படகுகளை விரட்டக் கட்டியவை, போர் வந்ததும் காவலுக்கும் பெரிய கப்பல்களின் துணைக்கும் ஓயாமல் அலைந்தன. கண்ணிவெடியில் மோதியவை ஒடிந்து சில நிமிடங்களில் மூழ்கியிருக்கின்றன.

அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன்.

"அங்கிள், நான் தப்பாப் படிச்சிட்டேன். உங்கப்பா ஓடிப்போகல. கப்பலோட முழுகிட்டாரு."

அவர் ஜெராக்ஸை மடியில் விரித்து, "இந்த மாதிரி கப்பல்ல எங்கப்பா எங்க இருந்திருப்பாரு?" என்றார். காட்டினேன். அவரும் ரயில் எந்திரங்களின் கொதிகலனோடு வாழ்ந்த மனிதர். விரலால் அங்கிருந்து ஏணி வழியாக மேலே போய், மூடியில் நிறுத்தினார்.

"இது சாத்தியிருந்தா எப்படிம்மா மேல வருவாங்க?"

அவர் விரல் அந்த மூடி மேலேயே இருந்தது.

"ஆறு மாசமா வாய்க்கு வந்தபடி ஏசிட்டேனே அவர" என்றார் பிறகு. என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். தை அமாவாசைக்கு அப்பாவுக்குத் திதி கொடுத்துவிடுகிறேன் என்றார்.

அந்த மார்கழிக் குளிரில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. தை அமாவாசைக்கு ஒன்பது நாள் முன்பு போய்விட்டார்.

இன்றும் மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. அன்று வெறும் 'தெரியவில்லை' என்று சொல்லியிருந்தால், ஒரு மகன் தன் கடைசி வருடத்தில் பாதியை அப்பாவை வெறுத்துக் கழித்திருக்க மாட்டார் என்ற நினைப்பு, பிடிபடாத ஒவ்வொரு சொல்லிலும் என் கையைப் பிடித்து நிறுத்துகிறது.