டிரம் கட்டுமரமும் கிணற்றுத் திரியும்

என் மச்சாண்டார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், ஒரே ஒருமுறை கடலைப் பார்த்தவர். ராமேசுவரத்தில் மீன்காரர்கள் கட்டுமரத்தில் போவதைப் பார்த்துவிட்டு வந்து, "நாலு கட்டையச் சேத்துக் கட்டறதெல்லாம் ஒரு வித்தையா" என்று ஊரெல்லாம் சொன்னார். அப்போது எண்பதுகளின் ஆரம்பம். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் தொழில் சூடு பிடித்திருந்தது. அவரிடம் ஒரு ரிக் லாரி இருந்தது. அந்தக் கோடையில் காலி டீசல் டிரம்களை இரண்டு வரிசையாக வைத்து, குறுக்கே மூங்கில் போட்டுக் கட்டி, மேலே பலகை அடித்துச் சொந்தமாக ஒரு கட்டுமரம் செய்தார். பட்டறையில் அதைப் பார்த்த ஒருவர், யாருக்குக் கல்யாணம், மேடை தயாராகிறதே என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கேலி செய்தால் அவருக்குப் பொறுக்காது. கோபம் வந்துவிட்டால் கையில் இருப்பது என்ன என்று பார்க்காமல் வீசுவார். ரிக்கில் வேலை செய்த ஓர் ஆளின் தோள் எலும்பு அவர் எறிந்த ஸ்பேனரால் முறிந்தது. அவர் மனைவி எனக்கு ஓரகத்தி, அக்கா என்று கூப்பிடுவேன்; அவர் இடது மணிக்கட்டு கோணலாகச் சேர்ந்திருந்தது. அது எப்படி என்று யாரும் கேட்டதில்லை, அக்காவும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரர் அண்ணனுடைய லாரியை ஓட்டினார். கல்யாணமாகி நான் வந்த பிறகும், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அண்ணனிடம் அறை வாங்கினார். வாங்கிக்கொண்டு, "சேரீங்ணா" என்பார். அந்த "சேரீங்ணா"வைக் கேட்டால் எனக்கு வயிறு எரியும்.

மச்சாண்டார் என்னிடம் பேசமாட்டார். நானும் அவரிடம் பேசக்கூடாது. அவர் எதிரே நிற்கக்கூடாது, அவர் நிழல்கூட என்மேல் படக்கூடாது. எங்கள் பக்கம் தம்பி மனைவிக்கு அண்ணன்காரர் கொடுக்கிற மரியாதை அது. எனக்குச் சொல்ல வேண்டியதை அக்காவிடம் சொல்வார். நான் ஒரு முழம் தள்ளி நின்றாலும், "சின்னவளக் கொஞ்சம் தண்ணி கொண்டாரச் சொல்லு" என்பார். அக்கா என் பக்கம் திரும்பி அதையே சொல்வார். அதற்குள் நான் செம்பை எடுத்திருப்பேன். தனியாக இருக்கும்போது இதை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

நான் எடப்பாடிக்கு மேற்கே ஆற்றோரத்தில் பிறந்தவள். அங்கே காவேரியில் நீர்நாய் உண்டு என்றும், குட்டிகளோடு பாறையில் ஏறிப் படுத்து வெயில் காயும் என்றும் என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தேன். அவர் பார்த்ததில்லை. ஒருநாள் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். அவரும் நானுமாகப் போவதாகத்தான் பேச்சு. அதை அண்ணனிடம் வேறு போய்ச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான், கட்டுமரம் லாரியில் ஏறியது, மச்சாண்டார் ஏறினார், அக்கா கோழிக் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு ஏறினார். எனக்கு ஆசைப்பட்டது கிடைத்தும் கிடைக்காத மாதிரி ஆகிவிட்டது.

ஆற்றில் தண்ணீர் குறைந்து, பாறைகள் முதுகு காட்டிக்கொண்டிருந்தன. கட்டுமரம் மிதந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் வீட்டுக்காரர் மூங்கில் ஊன்றித் தள்ளினார். மச்சாண்டார் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் அவருக்குப் பின்னால், டிரம் விளிம்பில் உட்கார்ந்தோம். நீர்க்காகங்கள் செத்த மரம் ஒன்றில் சிறகை விரித்துக் காயப் போட்டிருந்தன. பருந்து ஒன்று இறங்கி மீனை அள்ளிக்கொண்டு போனது. மீன் அதன் காலில் துடித்துக்கொண்டே மேலே ஏறியது. மச்சாண்டார் கை தட்டினார்.

கொஞ்சம் ஆழம் வந்ததும் அண்ணனும் தம்பியும் குளிக்க இறங்கினார்கள். இருவரும் கிணற்றில் நீச்சல் பழகியவர்கள். கிணற்று நீச்சல் தனி வகை. நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும், பிடித்துக்கொள்ளலாம். ஆற்றில் பிடிக்கச் சுவர் இல்லாததால் மச்சாண்டார் தம்பியைப் பிடித்தார். தலையில் கை வைத்து உள்ளே அமுக்கினார். விளையாட்டுக்கு என்றுதான் முதலில் தோன்றியது. என் வீட்டுக்காரரின் கை மேலே வந்து காற்றைப் பிறாண்டியபோதும் விடவில்லை. நான் எழுந்துவிட்டேன். அக்கா என் முந்தானையைப் பிடித்து உட்காரவைத்தார். ஒருவழியாக மேலே வந்த அவர் மூக்கில் தண்ணீர் ஒழுக இருமினார். "ரொம்ப நேரம் தம் புடிக்கறானே" என்று அண்ணன் சிரித்தார். தம்பியும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அந்த ஆளைத் தண்ணீரில் தள்ளிவிட்டால் என்ன என்று நினைத்தேன். என் மச்சாண்டாரைச் சொல்கிறேன்.

நீர்நாய்களை வளைவு தாண்டிப் பார்த்தோம். தாயும் மூன்று குட்டிகளும் பாறை இடுக்கில் இருந்தன. தாய் ஒரு பெரிய கெண்டையைத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. எலும்பு நொறுங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. குட்டிகள் வாலுக்குச் சண்டை போட்டு ஒன்றையொன்று கடித்தன. என் வீட்டுக்காரர் மூங்கிலைப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ சொன்னது நெசந்தான்" என்றார். அன்றைக்கு எனக்குக் கிடைத்த சந்தோஷம் அதுதான். மறு நிமிடமே மச்சாண்டார் ஒரு கல்லை விட்டெறிந்தார். அவை தண்ணீருக்குள் வழுக்கிப் போய்விட்டன. நீர்நாய் போகிற வழியில் குமிழி வரிசையாக வரும். அந்தக் குமிழிகள் பாறைக்குக் கீழே தண்ணீர் ஆழமாகத் தேங்கி நின்ற கசத்தை நோக்கிப் போயின.

சாப்பிட்டு முடித்ததும் மச்சாண்டார் ஒரு மஞ்சள் பையை அவிழ்த்தார். உள்ளே வெடித் தோட்டாக்கள். எங்கள் தோட்டத்துக் கிணற்றை அப்போது ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். பாறையில் குழி போட்டு வெடி வைக்கிற வேலை. அதற்காகத் திரி வெட்டிச் சொருகிவைத்திருந்ததில் மிச்சத்தை எடுத்துவந்திருந்தார். கசத்தில் ஒன்று போட்டால் மீன் மேலே வரும், மூட்டை கட்டிக்கொண்டு போகலாம் என்பது திட்டம். உள்ளே குட்டிகள் இருக்கின்றன என்று அக்காவின் காதில் சொன்னேன். அக்கா கேட்காதவர் மாதிரி பாத்திரம் கழுவினார்.

பற்றவைத்து எறிந்தார். என் வீட்டுக்காரர் வேகமாக ஊன்றிக் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார். காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. காற்று எங்களை மறுபடி கசத்தின் பக்கம் மெல்ல ஒதுக்கியது. மச்சாண்டாரின் முகம் கறுத்தது.

"நமுத்துப் போச்சு. தண்ணியத் தெறிச்சுத் தெறிச்சுத் தள்ளுனயே, பையி நனைஞ்சு போச்சு. கண்ணு எங்கடா வெச்சிருந்த?" என்று தம்பியின் பிடரியில் ஒன்று வைத்தார். "எறங்கி எடுத்துட்டு வா. வேற திரி போட்டுக்கலாம்."

"சேரீங்ணா."

என் வீட்டுக்காரர் முங்குவதில் பேர் வாங்கியவர். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார் குழாயின் அடிவால்வு கிணற்றுக்குள் விழுந்துவிட்டால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இது அவருக்கு ஒரு வேலையே இல்லை. பனியனைக் கழற்றிப் போட்டுவிட்டு, கால்சட்டையோடு விளிம்பில் போய் நின்றார்.

நான் கசத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீர்நாய்கள் எங்கே எழும் என்று தெரிந்துகொள்ளக் குமிழி தேடினேன். குமிழி வந்தது. பொடிப்பொடியாக, விடாமல் வந்தது. ஆனால் நகரவில்லை. ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தது. மூச்சுவிடுகிற எதுவும் தண்ணீருக்குள் அப்படி ஓரிடத்தில் நிற்காது.

எங்கள் கிணற்றுக்குச் சோறு கொண்டுபோகும்போது வெடிக்காரர் திரி வெட்டுவதைப் பார்த்திருக்கிறேன். நீளமாக வெட்டுவார். பற்றவைத்துவிட்டு அவர் படி முழுக்க ஏறி மேலே வந்து, வேப்பமரம் வரைக்கும் ஓட வேண்டும். அதற்குத் தகுந்த நீளம். ஊற்றுத் தண்ணீர் நிற்கிற கிணற்றுக்கு என்பதால் நனைந்தாலும் அணையாத திரி. வெடிக்காத தோட்டா ஒன்று உள்ளே இருந்தால் அன்றைக்கு யாரும் கிணற்றில் இறங்கமாட்டார்கள். இது எங்கள் காட்டில் ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். மச்சாண்டாருக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். ஆனால் இங்கே படியும் இல்லை, ஏறி ஓடுகிற ஆளும் இல்லை. கிணறு கண்ணில் படாததால் கிணற்றுச் சட்டம் அவர்கள் ஞாபகத்துக்கு வரவில்லை. கிணற்றுக்கு வெட்டிய திரி கிணற்றுக் கணக்கில்தான் எரியும் என்று இரண்டு ஆண்களுக்கும் தோன்றவில்லை.

"போகாதீங்க, திரி எரியுது" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணன், இறங்கு என்று தாடையை ஆட்டினார். அவர் கையை முன்னால் நீட்டி முங்கத் தயாரானார்.

நான் பாய்ந்து அவர் இடுப்பில் இருந்த அரைஞாண் கயிற்றைப் பின்னாலிருந்து பிடித்தேன். புதுக் கறுப்புக் கயிறு, விரல் கனம். பிடித்து, இரண்டு காலையும் மூங்கிலில் உதைத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தேன். கயிறு அவர் வயிற்றை அறுத்திருக்க வேண்டும். "உடு, உடுங்கறேன்" என்று என் கையை அடித்தார். விடவில்லை. முழங்கையால் என் நெற்றியில் இடித்தார். கண்ணுக்குள் பொறி பறந்தது. நான் அவர் முதுகைக் கடித்தேன்.

மச்சாண்டார் நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு எழுந்தார். ஆனால் என்னைத் தொட அவருக்கு முறை இல்லை. பேசவும் முறை இல்லை. அந்த நேரத்திலும் அதை மறக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். அக்காவின் பக்கம் திரும்பி, "அவள உடச் சொல்லு" என்று கத்தினார்.

"உட்டுரு சாமி" என்றார் அக்கா.

நான் விடவில்லை. மச்சாண்டார் அக்காவை அறைந்தார். "சொல்றயா இல்லையா?"

"உட்டுரு சாமி."

மறுபடி அறைந்தார். நான் பிடித்திருந்த ஒவ்வொரு நொடிக்கும் அக்காவுக்கு விழுந்துகொண்டிருந்தது. உதடு கிழிந்து ரவிக்கையில் ரத்தம் சொட்டியது. அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது, ஆனால் கை தளரவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். "உட்டுரு சாமி" என்று மூன்றாவது முறை சொல்லும்போது, கோணல் கையை என் கையின் மேல் வைத்து, அந்தக் கயிற்றை என்னோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தார். இரண்டு பேரும் இழுத்ததில் என் வீட்டுக்காரர் மல்லாந்து பலகையில் விழுந்தார். தலை பலகைக்கு வெளியே தொங்கி, இடது காது தண்ணீரைத் தொட்டது.

அப்போது வெடித்தது. ஆறு எழுந்து எங்கள் மேல் விழுந்தது. கட்டுமரம் ஒரு பக்கம் தூக்கி இறங்கியதில் மூங்கில் முறிந்தது. ஒரு டிரம் கட்டை அறுத்துக்கொண்டு போயிற்று. மச்சாண்டார் தண்ணீரில் விழுந்து, பலகையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். என் வாய் முழுக்கச் சேறு. கண்ணைத் துடைத்துப் பார்த்தபோதும் கயிறு எங்கள் கையில்தான் இருந்தது.

குமிழி வந்த இடத்தில் மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தன. அவற்றின் நடுவே தாய் நீர்நாய் மிதந்தது. வாயிலும் காதிலும் ரத்தம். இரண்டு குட்டிகள் பக்கத்தில் கிடந்தன. மூன்றாவதைக் காணவில்லை. என் வீட்டுக்காரர் அதையே பார்த்தார். அவர் இடது காதிலிருந்து ரத்தம் கழுத்து வழியாக இறங்கியது. எங்கே முங்க இருந்தார் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மச்சாண்டார் மேலே ஏறி, வேட்டியைப் பிழிந்து, ஆற்றைச் சுற்றிப் பார்த்தார். "மீன அள்ளு" என்றார்.

என் வீட்டுக்காரர் "சேரீங்ணா" என்று சொல்லிவிட்டு மீன் அள்ளினார். செத்த நீர்நாயைக் கையால் ஒதுக்கி ஒதுக்கி அவர் மீன் அள்ளினார். கரைக்கு வருகிறவரை அக்கா முந்தானையால் உதட்டை ஒற்றிக்கொண்டே வந்தார்.

கரையில் இறங்கி, மூட்டையை லாரியில் போட்டுவிட்டு, என் வீட்டுக்காரர் நேராக என்னிடம் வந்தார். "அண்ணன் முன்னால கயித்தப் புடிச்சு இழுக்கறயா? மாட்டையா ஓட்டற?" என்று கேட்டு, அண்ணனுக்குக் கேட்கும்படி, என்னை ஓங்கி அறைந்தார். அதுவரை அவர் என்னை அடித்ததே இல்லை.

கன்னம் எரிந்தது. அழுகை வரவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது, அதுதான் முதலில் உறைத்தது. கசத்தில் மிதக்கவேண்டிய கை என்னை அறைந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். அது அடங்குவதற்குள், மச்சாண்டார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நான் திருப்பி அறைந்தேன். ரத்தம் வடியாத பக்கமாகப் பார்த்துத்தான் அறைந்தேன்.