இருட்டக்கா காட்டிய சுவர்

அந்தக் குகைக்குள் ஒரு பல்பு கிடையாது. அதுதான் கோயிலின் பெருமை, அதுதான் இருட்டக்காவின் பிழைப்பு. சாமி கும்பிட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தால், ஆள் குனிந்து போகிற அளவுக்குப் பாறை வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அங்கே செல்போன், டார்ச் எல்லாவற்றையும் வாங்கிக் கூடையில் போட்டுவிட்டு, "இடது கை சுவத்துல, வலது கை முன்னால போறவங்க தோள்ல. நீங்க பேச வேண்டாம், நான் பேசறேன்" என்று சொல்லிக்கொண்டே முதல் ஆளாக நுழைகிற அம்மாள்தான் இருட்டக்கா. பெற்றவர்கள் வைத்த பெயரை அவள் புருஷனே மறந்துபோய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் வயிற்றில் இருந்தபோது சேர்ந்த வேலை. இன்றைக்கு வரை ஒருத்தர் தலையும் பாறையில் இடித்ததில்லை.

அவள் சொல்கிற கதை இதுதான். கோயிலெல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்னால் அங்கே ஒரு முனிவர் இருந்தார். சாமி இந்த மலைக்கு வந்த கதையைத் தினமும் சொல்லுவார், சீடர்கள் கேட்பார்கள். வயதாகிக் கண் போயிற்று. அப்புறம் கதையும் கொஞ்சம் கொஞ்சமாக மறக்க ஆரம்பித்தது. குருவுக்குக் கதை மறந்தால் சீடர்களுக்கு எப்படி இருக்கும், பாருங்கள். உளியை எடுத்தார்கள். அவரிடம் கேட்ட கதை முழுவதையும் அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரில் செதுக்கிவிட்டார்கள். முனிவர் தினமும் தடவிக்கொண்டே போவார். மலை, மலையில் ஊற்று, ஊற்றில் தண்ணீர் குடிக்கிற மான், மானுக்குப் பின்னால் வந்த சாமி. கடைசியில் ஒருநாள் முனிவர் சுவரில் கையை அழுத்தி விடைபெற்றாராம், பாறை குழைந்து கொடுத்ததாம். அந்தப் பள்ளம் யார் கை வைத்தாலும் பொருந்தும்.

பின்னால் ஒரு ராஜா தீப்பந்தத்தோடு உள்ளே போகப் பார்த்தான். வாசலிலேயே பந்தம் அணைந்தது. மறுபடி ஏற்றினான், மறுபடி அணைந்தது. கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரையும் போல் தடவிக்கொண்டே போய் வந்தவன்தான் முன்னால் இருக்கிற கோயிலைக் கட்டினான். விளக்கு எரிக்கும் எண்ணெய்க்கு அவன் நிலம் விட்டது கல்வெட்டில் இருக்கிறது. அந்த எண்ணெய் குகைக்குள் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. ராஜாவே சொன்ன பிறகு அப்பீல் ஏது?

ஆனால் அப்பீல் வந்தது. போன மாதம் ஒரு பெரியவர் குகைக்குள் இருக்கிற படியில் கால் தவறி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். இருட்டக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அறங்காவலர் குழு கூடியது. குகைக்குள் மேலே வரிசையாக விளக்கு, சுவருக்கென்று தனியாகப் பெரிய விளக்கு என்று முடிவாயிற்று. வேலை யாருக்குக் கொடுத்தார்கள் என்கிறீர்கள்? இருட்டக்காவின் மகளுக்கு!

அந்தப் பெண் சாதாரண எலக்ட்ரீஷியன் இல்லை. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடம் முழுக்க ஒயரிங் பண்ணியவள். ஏணி மேல் நின்றுகொண்டு நான்கு ஆம்பிளைகளை வேலை வாங்குவாள். அதைச் சொல்லிச் சொல்லியே இருட்டக்கா தெருவில் பாதிப் பேரின் காதை ஓட்டையாக்கியிருந்தாள். அதே மகள் அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் தட்டைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள்.

"வேண்டாம்னு சொல்லிடறேம்மா."

இருட்டக்கா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். விளக்கு வந்தால் தடவிப் பார்க்க யார் வருவார்கள், தன்னைத்தான் யார் கூப்பிடுவார்கள்? ஆனால் வாயில் வந்தது வேறு.

"ஏன் வேண்டாங்கற? நீ போடாட்டி வேற எவனாவது போடுவான். சுவர்னு பார்க்காம ஆணி அடிப்பான். நீயே போடு. ஆனா சுவத்துல ஒரு ஓட்டை விழக் கூடாது."

தையல்காரரான புருஷன் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஒருத்தி இருட்டு, ஒருத்தி வெளிச்சம். நடுவுல மாட்டிக்கிட்டவன் நான்." யாரும் சிரிக்கவில்லை. பாவம், அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் கோயில் நடை சாத்திய மதிய வேளையில் மகள் ஒயர்ச் சுருளோடு குகைக்குள் போனாள். எங்கே என்ன இருக்கிறது என்று காட்ட அம்மாவும் கூடப் போனாள். அளவெடுக்க வெளிச்சம் வேண்டுமே. மகள் வேலை விளக்கைப் போட்டாள்.

இத்தனை வருஷத்தில் இருட்டக்கா அந்தச் சுவரைப் பார்த்தது அப்போதுதான். விரலுக்கு மலையாக நின்றது கண்ணுக்கு ஒரு மங்கலான கோடாக இருந்தது. ஊற்று ஒரு சின்னக் கீறல். மானைத் தேடினாள். அந்த இடத்தில் தாடியோடு ஒரு ஆடு நின்றது.

"அம்மா, இது ஆடு மாதிரி இருக்கே."

"மாதிரி என்னடி, ஆடேதான். தாடி என் விரலுக்கு ஒரு நாளும் சிக்கவே இல்லையே."

அது பரவாயில்லை, சாமி ஆட்டுக்குப் பின்னாலும் வரலாம். கடைசிக்குப் போனார்கள். அங்கே இருட்டக்கா முனிவர் கையைத் தேடினாள். கைத்தடம் என்று எதுவும் இல்லை. விரல் பதிந்த அடையாளம் இல்லை, உளி பட்ட அடையாளமும் இல்லை. சும்மா தேய்ந்துபோன ஒரு வழவழப்பான பள்ளம். வாசல்படி கால் பட்டுப்பட்டுத் தேயுமே, அந்த மாதிரி. எத்தனை பேர் கையைப் பிடித்து அங்கே வைத்திருப்பாள், எத்தனை பேர் அங்கே அழுதிருப்பார்கள்! அப்படியே பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் வேலையை விட்டுவிட்டுப் பள்ளத்தைத் தடவினாள். பிறகு குந்தி உட்கார்ந்து கீழே பார்த்தாள். இடுப்புக்குக் கீழே இன்னொரு சின்னப் பள்ளம், அதே வழவழப்பு.

"அம்மா, இது எனக்குத் தெரியும். வேலைக்கு வரும்போது என்னையும் கூட்டிட்டு வருவியே. நீ கதை சொல்லிக்கிட்டிருப்ப. எனக்கு மேல எட்டாது, இங்கதான் வச்சிக்கிட்டு நிப்பேன். மேல இருக்கறதும் இப்படித்தாம்மா வந்திருக்கும். கை வச்சு வச்சு."

இருட்டக்கா எழுந்து வந்து இரண்டு பள்ளத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். மகள் விளக்கை அணைத்தாள்.

வேலை முடிந்த அன்று குழுத் தலைவர் வந்தார். நல்ல மனுஷர், யாரும் மறுபடி விழக் கூடாது என்பதுதான் அவர் கவலை. உள்ளே எட்டிப் பார்த்தவர் முகத்தில் ஈயாடவில்லை. மேலே ஒரு விளக்கும் இல்லை. கணுக்கால் உயரத்தில், தகடு மூடிய சின்னச் சின்ன விளக்குகள் பாறை ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தன. படிகள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன. முழங்காலுக்கு மேல் அதே இருட்டு.

"சுவரே தெரியலையேம்மா?"

"சுவத்துல ஆணி அடிக்காம இவ்வளவுதான் முடியும் சார்," என்றாள் மகள். "அவர் விழுந்தது படியிலதானே. ஒரு தடவை போய்ட்டு வந்து சொல்லுங்க. போதாதுன்னு பட்டா மேலயும் போட்டுத் தரேன்."

வாக்குக் கொடுத்துவிட்டாள். இருட்டக்கா மகளை ஒரு முறை முறைத்துவிட்டு, தலைவரின் செல்போனை வாங்கிக் கூடையில் போட்டாள். அவர் கை அவள் தோளில், மகள் கை அவர் தோளில். மலை வந்தது, ஊற்று வந்தது, ஆடு வந்தது. ஆடு என்றே சொன்னாள். தாடி எங்கே என்றும் காட்டினாள். தலைவர் ஒரு இடத்தில் நின்று, மறுபடி பின்னால் போய்த் தடவிவிட்டு வந்தார். கடைசியில் அவர் கையைப் பிடித்துப் பள்ளத்தில் வைத்தாள்.

"இதுதான் முனிவர் கையா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருட்டு தப்பித்துவிடும். அது அவளுக்கும் தெரியும்.

"அப்படித்தான் ஐயா சொல்லிட்டிருந்தேன். விளக்குப் போட்டுப் பார்த்தாச்சு, அவர் கை இல்லை. அவர் கையைத் தேடி வந்தவங்க வச்ச கை. வச்சு வச்சுப் பாறையே தேஞ்சுபோச்சு. ராஜா கையும் இதுல இருக்கும். எங் கையும் இருக்கு. இப்ப உங்க கையும் இருக்கு."

தலைவர் கையை எடுக்கவில்லை.

"விளக்கு காலோட நிக்கட்டும்மா," என்றார் கடைசியில். கையை எடுக்கும்போது அது கீழே வழுக்கியது. "இங்க இன்னொண்ணு இருக்கே, சின்னதா?"

"அது பிள்ளைங்க கை ஐயா," என்றாள் இருட்டக்கா. இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, ஆனால் குரலில் பெருமை வழிந்தது. "அதுல பாதி எம் பொண்ணு தேய்ச்சது."