கடலடியைப் பார்த்துவர ஆகும் செலவு

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குளியலறையில் ஒரு ஆள் தொங்குவார். தலையில்லாத, கறுத்த, தடித்த ஆள். சப்பாத்துக் காலோடு கம்பியில் தோள் மாட்டி நிற்பார். அவரிலிருந்து வடிகிற தண்ணீர் கீழே வைத்த வாளிக்குள் சொட்டிக்கொண்டிருக்கும். நான்கு வருடமாகிவிட்டது, இன்னமும் திங்கட்கிழமை விடிய அரைத் தூக்கத்தில் கதவைத் திறந்தால் ஒரு கணம் "சொறி" என்று சொல்லிக் கதவைச் சாத்துகிறேன். அது நான் கடலுக்கடியில் போட்டுக்கொள்கிற உடுப்பு. நோர்வேஜிய மொழியில் அதற்குத் தோர்ட்ராக்ட் என்று பெயர். உலர்ந்த உடுப்பு என்று பொருள். தண்ணீருக்குள் இறங்குவதற்கென்றே விற்கிற சாமானுக்கு அப்படிப் பெயர் வைத்திருக்கிற நாட்டில், மழை விடாத பேர்கன் நகரத்தில், இருபத்தாறு வருடமாகப் பஸ் ஓட்டுகிறேன்.

இந்தப் பழக்கம் எனக்கு மதிய இடைவேளையில்தான் தொற்றியது. பஸ் சாரதிகளின் ஓய்வறையில் எல்லோரும் மாத்பாக்கே எனப்படும் கட்டிக்கொண்டு வந்த பாணைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தூர்பியோர்ன் என்ற சக சாரதி என்னைப் பார்த்து, நீ என்ன செய்கிறாய் என்று கேட்டான். ஒரே சீருடையில் பக்கத்தில் இருக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா என்று நினைத்து, பஸ் ஓட்டுகிறேன் என்றேன். மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் கேட்டது வேலை முடிந்த பிறகு என்ன செய்கிறாய் என்று. யோசித்துப் பார்த்து, இரண்டாவது வேலைக்குப் போகிறேன் என்றேன். அதன் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அடுத்த கிழமை அவன் என்னை நீச்சல் தடாகத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டி, தண்ணீருக்கடியில் உட்கார வைத்தான். நான் புத்தூர்க்காரன். செம்மண்ணும் வெங்காயமும் கிணறும் தெரியும். நாற்பத்தெட்டு வயதுவரை நீந்தத் தெரியாது. தண்ணீருக்கடியில் மூச்சு வந்தது. வந்துகொண்டே இருந்தது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது.

தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கேள்வி எனக்குப் புதியதல்ல. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் நிலாவரைக் கிணறு இருக்கிறது. அதற்கு அடியே இல்லை என்பார்கள். தேசிக்காய் என்று நாங்கள் சொல்கிற எலுமிச்சங்காயை அதில் போட்டால் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பார்கள். எட்டு வயதில் நானும் அக்காவும் ஒன்றை எறிந்தோம். அடுத்த நாள் போய்ப் பார்த்தபோது தேசிக்காயைக் காணவில்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய்வந்த அக்கா, "கண்டனான், ஓரத்திலை மிதந்துகொண்டு கிடந்தது" என்றார். அந்தத் தேசிக்காய் போன வழி எப்படியிருக்கும் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். வகுப்பில் கேள்வி கேட்கப் பயந்த பிள்ளைக்கு யோசிக்க அப்படி ஒன்று இருந்தது நல்லதுதான்.

செலவு பற்றிச் சொல்லவேண்டும். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி எனக்கும் உண்டு. கடையில் எந்தச் சாமானைத் தூக்கினாலும் அது ஊரில் என்னவாக இருக்கும் என்று மனம் மாற்றிக்கொள்ளும். மூச்சுக் குழாயும் அதன் பூட்டும் ஒரு தண்ணீர்ப் பம்பு. கைக்கடிகாரம் மாதிரியான ஆழமானி ஒரு கன்றுத்தாய்ச்சிப் பசு. உடுப்பு ஒரு வீட்டுக் கூரை. இந்த உடுப்புக்குள் காற்று நிற்பதால் ஆள் மிதந்துவிடுவார். எனவே அவரைத் தாழ்ப்பதற்குப் பதினான்கு கிலோ ஈயமும் வாங்கவேண்டும். மிதக்கவும் காசு, தாழவும் காசு. காசோடு போகிறதுமில்லை. ஞாயிற்றுக்கிழமைகள்தான் எங்கள் சனத்துக்குப் பிறந்தநாளும் சாமத்திய வீடும் நடக்கிற நாள். நான் மண்டபங்களில் தென்படுவது குறைந்தது. உவருக்கு வெள்ளைக்காரப் புத்தி வந்திட்டுது என்று கதைத்தார்கள். பிறகு கதைக்காமலும் விட்டார்கள்.

கூரை என்று சும்மா சொல்லவில்லை. உடுப்பு வாங்கிய அதே வருடம் அக்கா தொலைபேசியில், ஓடு மாற்றவேண்டும், மாரிக்கு ஒழுகுகிறது என்று சொல்லியிருந்தார். அத்தான் காலமான பிறகு அக்கா தனியாகவே நாலு பரப்புக் காணியில் வெங்காயம் வைத்துச் சீவிக்கிறார். வாயைத் திறந்து கேட்கிற ஆளும் இல்லை. "இந்த வருசம் கொஞ்சம் இறுக்கம் அக்கா" என்றேன். அது பொய்யில்லை, இறுக்கம்தான். எப்படி இறுகியது என்று அவர் கேட்கவில்லை. "அதுக்கென்ன, தறப்பாள் போட்டுச் சமாளிக்கலாம்" என்றார்.

கேட்காதது எங்கள் ஊர் வழக்கம். புத்தூரில் யாரிடமும், உங்கள் தம்பி என்ன செய்கிறார் என்று கேட்டுப்பாருங்கள். "வெளியிலை நிக்கிறார்" என்பார்கள். அதுவே ஒரு உத்தியோகம். கோப்பை கழுவுகிறோமா, கக்கூசு கழுவுகிறோமா என்று அவர்கள் கேட்பதில்லை, நாங்களும் சொல்வதில்லை. இரண்டு பக்கமும் மரியாதை காப்பாற்றப்பட்டுவிடும். சென்ற வருடம் என் மகள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். கறுத்த உடுப்போடு, முதுகில் சிலிண்டரோடு, பாறையில் நான் நிற்கிற படம். மச்சான், மருமக்கள் எல்லோரும் பெருவிரலைப் போட்டார்கள். அக்கா ஒன்றும் போடவில்லை. ஒரு மாதம் கழித்து, நான் மாதாமாதம் அனுப்புகிற காசைப் பற்றி, "இனிக் காசு அனுப்பாதை தம்பி, எனக்குக் காணும்" என்று குரல் பதிவு அனுப்பியிருந்தார். வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

போன ஆவணியில் லீவில் ஊருக்குப் போனேன். பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவே, முகமூடியும் காற்செட்டையும் ஒளித்து வைத்திருந்தேன். எங்கள் கடலின் அடியை நான் ஒருமுறையும் பார்த்ததில்லை. போய் இறங்கிய மறுநாள் காலை ஒருவர் வந்து தோட்டத்தின் நான்கு மூலைக்கும் நடந்து பார்த்தார். யாரென்று கேட்டேன். காணி வாங்க வந்தவர் என்று அக்கா சொன்னார், தேங்காய் துருவியபடி. வெள்ளிக்கிழமை முற்பணமாம்.

"என்னத்துக்கு விக்கிறியள்?"

"அந்தக் காசைக் கொண்டுபோய் அங்கை ஒரு கடை கிடையைப் போடு. பஸ் வேலை போனதைச் சொல்லாமல் விட்டிட்டாய். நான் கேக்கேல்லை. ஆனால் கடலுக்கை இறங்காதை."

எனக்கு விளங்க நேரம் எடுத்தது. எங்கள் குடாநாட்டில் முதுகில் சிலிண்டர் கட்டிக் கடலில் இறங்குகிறவர்கள் யார்? கடலட்டை பிடிப்பவர்களும் சங்கு குளிப்பவர்களும்தான். வேறு வழி இல்லாதவர்கள் செய்கிற வேலை அது. அக்கா படத்தைப் பார்த்திருக்கிறார். வேலை பறிபோன தம்பி இந்த வயதில் குளிர் கடலில் அட்டை பிடித்துத் தனக்குக் காசு அனுப்புகிறான் என்று முடிவு கட்டியிருக்கிறார். இதை அந்த இடத்திலேயே சொல்லித் திருத்தியிருக்கவேண்டும். "அது அப்பிடியில்லை அக்கா" என்று தொடங்கினேன். அப்படியில்லை என்றால் எப்படி என்று சொல்லவேண்டி வரும். சொன்னால் கூரை ஓட்டுக் கதை வரும். வாயை மூடிக்கொண்டேன். நான் மறைக்கிறேன் என்பது அக்காவுக்கு விளங்கிவிட்டது. எதை என்பதுதான் தெரியவில்லை.

அடுத்த நாள் என்னைப் பஸ்ஸில் ஏற்றிக் கரையோர ஊர் ஒன்றுக்குக் கூட்டிப் போனார். எதற்கென்று சொல்லவில்லை. அங்கே, சந்தையில் அக்காவிடம் வெங்காயம் வாங்குகிற பெண்ணின் வீட்டு முற்றத்தில், பிளாஸ்ரிக் கதிரையில் அவளுடைய புருசன் இருந்தார். தாசன் அண்ணை என்றார்கள். இடுப்புக்கு மேல் படகு இழுக்கிற உடம்பு. கீழே கால்கள் சாரத்துக்குள் மெலிந்து கிடந்தன. அக்கா என்னை அவருக்கு முன்னால் இருத்திவிட்டு, "தம்பியும் இறங்கிறவன். நீங்கள் ஒருக்கால் சொல்லுங்கோ" என்றார். பயமுறுத்தத்தான் கொண்டுவந்திருக்கிறார்.

தாசன் அண்ணை பயமுறுத்தவில்லை. தன் தொழில்காரன் ஒருவன் வந்திருக்கிறான் என்ற சந்தோசம் அவருக்கு. "எனக்கு அண்டைக்கு மூண்டாந் தரம் இறங்கினது. நிறைய அட்டை. ஏறேக்கை அவசரப்பட்டிட்டன்" என்று கால்களைப் பற்றி அவ்வளவுதான் சொன்னார். ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக் கால்களை விழுத்திவிடும். பிறகு கேள்விகள். "நீங்கள் ஏறேக்கை நிண்டு நிண்டுதானே வாறனீங்கள்?"

"ஓம் அண்ணை. அஞ்சு மீற்றரிலை மூண்டு நிமிசம். கையிலை கட்டியிருக்கிற மணிக்கூடு சொல்லும்."

"அப்பிடி ஒண்டு எங்களுக்கு ஆர் தாறது. ஈயம் எத்தினை கிலோ கட்டுவியள்?"

"பதினாலு."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "உந்த உடம்புக்கோ? இஞ்சை உங்களுக்கு ரெண்டு கிலோ காணும்." குளிரையும் உடுப்பையும் விளக்கினேன். தலையாட்டிக் கேட்டார். "அங்கை அட்டை இருக்கோ?"

"இருக்கு. சிவப்பு அட்டை. ஒரு முழத்துக்குக் கிட்ட வரும்."

அவர் கதிரையில் நிமிர்ந்தார். "நாளைக்கு எத்தினை எடுப்பியள்?"

"எடுக்கிறதில்லை அண்ணை."

"அப்ப சங்கோ?"

"ஒண்டும் எடுக்கிறதில்லை."

"பின்னை என்னத்துக்கு இறங்கிறியள்?"

"பாக்கிறதுக்கு."

"பாத்துப்போட்டு?"

"ஏறி வாறது."

கொஞ்சம் யோசித்தார். அவர் முகத்தில் கோபமோ கேலியோ இருக்கவில்லை. ஒரு கணக்கு எங்கோ பிழைத்துவிட்டது என்று தேடுகிறவரின் முகம். "பாத்திட்டு வாறதுக்கு உங்களுக்கு எவ்வளவு குடுப்பாங்கள்?"

அக்கா பக்கத்தில் இருந்தார். நான் அவரைப் பார்க்கவில்லை. "நான்தான் குடுக்கிறது அண்ணை" என்றேன்.

தாசன் அண்ணையின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்தோம். அதன் பிறகு வலையைப் பற்றியும் வெங்காய விலையைப் பற்றியும்தான் கதை நடந்தது. புறப்படும்போது அவர் என் கையைப் பிடித்து, "அந்தச் சிவப்பு அட்டையின்ரை படம் இருந்தால் அனுப்புங்கோ" என்றார். வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும் பஸ் அச்சுவேலியைத் தாண்டியது. அக்கா யன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"பஸ் வேலை போகேல்லை."

"போகேல்லை அக்கா."

"அந்த உடுப்பு எப்ப வாங்கினனி?"

சொன்னேன்.

"ஓடு மாத்தக் கேட்ட வருசம்."

"ஓம்."

நடத்துனர் வந்து மிச்சக் காசு தந்தார். அக்கா அதை எண்ணாமல் பைக்குள் போட்டார். வீட்டுக்கு வந்ததும் காணி வாங்க இருந்தவருக்குத் தொலைபேசி எடுத்து, "விக்கேல்லை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றார். எனக்குச் சோறு போட்டார். இரண்டு நாள் எனக்கு மூன்று நேரமும் சோறு போட்டார். தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. முகட்டில் நீலத் தறப்பாள் காற்றுக்கு அடித்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்கடியில் எனக்கு ஒருநாளும் மூச்சு முட்டியதில்லை. அந்த வீட்டில் முட்டியது.

மூன்றாம் நாள் காலை, பாத்தி பாத்தியாக வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தபோது, அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று சொன்னார். "கீரிமலையிலை தேசிக்காயை நான் காணேல்லை. நீ அழுவாய் எண்டு சும்மா சொன்னது." வாய்க்காலைக் கட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். "இப்ப சொல்லு. அடியிலை என்ன கிடக்கு?"

சொன்னேன். அரை மணித்தியாலத்துக்கு மேல் சொன்னேன். கல்லில் விரல் விரலாக முளைத்திருக்கிற வெள்ளைப் பவளம், ஆளைக் கண்டும் விலகாமல் நிற்கிற பெரிய மீன், தன் மூச்சின் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லாதது. அக்கா குறுக்கே கேட்டுக் கேட்டு வந்தார். ஆக்கள் கூப்பிட்டால் கேளாதோ? கேளாது. அங்கை நிண்டால் வீட்டு யோசினை வாறேல்லையோ? வராது. "அதுக்குத்தான் காசு போலை கிடக்கு" என்றார். இதைவிடச் சரியாகத் தூர்பியோர்ன் கூட எனக்கு விளக்கியதில்லை.

பெட்டியில் இருந்த முகமூடியை அந்தப் பயணத்தில் நான் வெளியே எடுக்கவில்லை. இங்கே வந்ததும் கூரைக்குரிய முழுக் காசையும் அனுப்பினேன். இரண்டு நாளில் குரல் பதிவாகப் பதில் வந்தது. "உன்ரை பேரிலை வங்கியிலை போட்டிருக்கிறன். நீ பாக்கிறதைப் பார். ஓட்டுக்கு வெங்காயம் இருக்கு." கோபம் என்றால் கெஞ்சலாம்; அந்தக் குரலில் கோபமில்லை. புரட்டாதி அறுவடையில் முன்பக்க ஓட்டை மாற்றிவிட்டார். அடுப்படிப் பக்கம் அடுத்த அறுவடைக்கு. நான் பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாள் முதல் அக்காவுக்குச் செய்யவேண்டியதைச் செய்கிறவன் என்ற எண்ணத்தில்தான் தலை நிமிர்ந்து திரிந்தேன். அதை இனி எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இதுவும் செலவுதான்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா என் அழைப்புக்குக் காத்திருக்கிறார். கடலில் இருந்து வந்து, உடுப்பைக் கழுவிக் குளியலறையில் மாட்டிவிட்டு, அங்கேயே வாசற்படியில் குந்தியபடி எடுப்பேன். எனக்கு மதியம், அவருக்குப் பின்னேரம். நேற்று எடுத்தபோது, அங்கே மாரி தொடங்கிவிட்டது என்றார்.

"இண்டைக்கு என்ன கண்டனி?"

"சிவப்பு அட்டை ஒண்டு. படம் எடுத்தனான், தாசன் அண்ணைக்கு."

"தொட்டனியோ?"

"இல்லை அக்கா."

"ம்." பிறகு அவர் குரல் மாறியது. "உதென்ன சத்தம் உங்கை? சொட்டுச் சொட்டெண்டு கேக்குது. உன்ரை வீடும் ஒழுகுதோ?"

"இல்லை அக்கா. உடுப்புக் காயப்போட்டிருக்கிறன். வாளிக்குள்ளை விழுகுது."

அவர் பக்கத்தில், அடுப்படியில், இன்னொரு வாளிக்குள் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் தொலைபேசியை வைக்காமல் இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்தோம்.