சிவப்புத் தோட்டாவா, பச்சைத் தோட்டாவா

ஆறாம் வகுப்பு படிக்கும்போது, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மான் கறி விருந்து என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்தேன். ஒருத்தியும் நம்பவில்லை. என் பக்கத்தில் உட்காருகிறவள் மட்டும், கொம்பைக் கொண்டுவந்து காட்டினால் நம்புகிறேன் என்றாள். காட்டுகிறேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அப்போது அந்த மான் காப்புக்காட்டில் உயிரோடு மேய்ந்துகொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் என் மாமா, அம்மாவின் தம்பி. வாயைத் திறந்தால் மூடமாட்டார். அதனாலேயே மூன்று இடத்தில் பெண் பார்த்தும் அமையவில்லை. நாலாவதாகப் பெண்ணாடத்தில் ஒரு பெண் அமைந்தது. பெண்ணின் அப்பா கரும்பு லாரி வைத்திருந்தார். கை நனைக்க எப்போது வரட்டும் என்று அவர் போனில் கேட்டிருக்கிறார். கை நனைப்பது என்றால் எங்கள் பக்கம், பெண் வீட்டார் வந்து சாப்பிட்டுச் சம்பந்தத்தை உறுதி செய்துவிட்டுப் போவது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று சொல்லிவிட்டு மாமா போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. “கோழி, ஆடெல்லாம் எல்லா வூட்லயும் போடுவாங்க. எங்க வூட்ல மான் கறிங்க” என்று சொல்லிவிட்டார்.

எங்கள் வீட்டில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் நிற்கவேண்டும். அதனால் விருந்து பெரியப்பா வீட்டில் என்று முடிவானது. அவர் வீடு வேப்பூர் ரோட்டில், காட்டை ஒட்டிய நிலத்திலேயே இருந்தது. மானும் அங்கேதான் வரும். உளுந்து பூக்கும் நேரத்தில் கூட்டமாக வந்து மொட்டையடித்துவிட்டுப் போகும். பெரியப்பாவிடம் ஒரு துப்பாக்கியும் இருந்தது. பயிரைக் காப்பாற்ற என்று கலெக்டர் ஆபீஸில் லைசென்ஸ் வாங்கியது. தேர்தல் வந்தால் அதைக் கோணியில் சுற்றி போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பார், முடிந்ததும் எடுத்து வருவார். அந்தத் துப்பாக்கி வீட்டைவிட்டு வெளியே போன சமயம் அது ஒன்றுதான்.

மானைச் சுட்டால் ஜெயில். இது எல்லாருக்கும் தெரியும். அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். என் தம்பிக்கு நடக்கிற ஒரு நல்ல காரியத்தையும் கெடுக்கப் பார்க்கிறீர்களா என்று அம்மா கேட்டதும் அப்பா தலையைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பீங்கான் கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். எப்போதும் தலையில் வெள்ளையாக மாவு இருக்கும், துடைப்பதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை.

பெரியப்பாவும் முடியாது என்று சொல்லமுடியாது. தம்பி மனைவியின் கூடப்பிறந்தவன் கேட்டு மறுத்தால், அம்மாவும் பெரியம்மாவும் ஆறு மாதத்துக்குப் பேசிக்கொள்ள மாட்டார்கள். பெரியப்பா மறுக்கவில்லை. “செஞ்சிடலாம் மாப்ள. எந்தத் தோட்டாவ போடறதுன்னுதான் ரோசன” என்றார்.

அவரிடம் இருந்ததே இரண்டு தோட்டா. ஈரம் படாமல் இருக்க, அப்பா கொடுத்த ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி வைத்திருந்தார். ஒன்று சிவப்பு. அதற்குள் கொண்டைக்கடலை அளவில் எட்டு குண்டு. இன்னொன்று பச்சை. அதற்குள் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய குண்டு, எண்ணமுடியாத அளவுக்கு.

அந்த இரண்டை வைத்துக்கொண்டு பத்து நாள் பேசினார்கள். பத்து நாளும் ஊரில் வேறு பேச்சே இல்லாத மாதிரி இருந்தது. சிவப்பு பட்டால் மான் அந்த இடத்திலேயே விழும், ஆனால் எட்டே குண்டு, தவறினால் தவறியதுதான் என்றார் பெரியப்பா. அப்படியென்றால் பச்சை என்றார் மாமா. பச்சை தப்பாது, ஆனால் கறி முழுக்கக் குண்டாக இருக்கும், சம்பந்திக்குப் பல் போனால் யார் பொறுப்பு என்றார் பெரியப்பா. அப்படியென்றால் சிவப்பு என்றார் மாமா. எது பழைய தோட்டா என்று அம்மா கேட்டார். அதுவும் யோசிக்கவேண்டிய விஷயம் என்று சொல்லிப் பெரியப்பா இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.

எங்கள் தெரு மளிகைக்கடை பாய் சவூதியில் இருந்து வந்தவர். பெரியப்பா அவரிடமும் போய்க் கேட்டார். “எதுல சுட்டாலும் ஹலால் பண்ணாம நான் துன்னப்போறதில்ல பெரியவரே. ஆனா பச்சை பாக்க லட்சணமா இருக்குது” என்று பாய் சொன்னதையும் ஒரு ஓட்டாகச் சேர்த்துக்கொண்டார். என்னிடமும் கேட்டார். எங்கள் குடும்பத்தில் ஒரு ஆள் என்னிடம் கருத்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. இரவெல்லாம் யோசித்து, சிவப்பு என்றேன். கொம்பு சேதமாகக் கூடாது என்பது என் கணக்கு.

விருந்துக்கு முந்தின நாள் சனிக்கிழமை. அன்று சாயங்காலம் மானுக்குப் போயே ஆகவேண்டும், காலை வரைக்கும் முடிவாகவில்லை. மாமாவுக்கு வியர்த்துவிட்டது. அப்போது பெரியப்பா சொன்னார்: “எதுக்கு வாயால பேசிக்கிட்டு? சாம்பிள் போட்டுப் பாத்துடுவோம்.”

எங்கள் விருத்தாசலத்தில் சாம்பிள் போடாமல் எதையும் செய்யமாட்டார்கள். பீங்கானுக்குப் புது மெருகு வந்தால் இரண்டு கிண்ணத்தில் பூசிச் சூளையில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மொத்தச் சரக்கையும் அடுக்குவார்கள். சாம்பிள் என்ற வார்த்தையைக் கேட்டதும் அப்பா உட்பட எல்லாரும் தலையாட்டினார்கள். அப்பா உடனே மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் ஒரு மூட்டை உடைசல் ஜாடி கொண்டுவந்தார். காது போனது, வாய் கோணினது, மெருகு வெடித்தது. பத்து ஜாடியை வரப்பின் மேல் வரிசையாக வைத்தோம். அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் எல்லாம் வேலையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்கள். நாங்கள் பிள்ளைகள் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம்.

சிவப்பைப் பெரியப்பா சுட்டார். நடு ஜாடி இருந்த இடத்தில் வெள்ளைப் புகை மாதிரி தூள்தான் இருந்தது. காட்டுக்குள் இருந்த கொக்கு, காக்கா, மயில் அத்தனையும் ஒரே கத்தாகக் கத்திக் கிளம்பின. நாங்கள் அதைவிடச் சத்தமாகக் கத்தினோம்.

பச்சையைப் போட்டு மூடி, துப்பாக்கியை மாமாவிடம் நீட்டினார் பெரியப்பா. “நீங்க சுடுங்க மாப்ள. கல்யாணம் உங்களுக்குத்தான?” எப்போது கொடுப்பார் என்று காத்திருந்தவர் மாதிரி மாமா வாங்கிக்கொண்டார். சுட்டார். ஐந்து ஜாடி ஒன்றாக உருண்டது. மாமாவும் உருண்டார். பின்பக்கமாக வாய்க்காலில் உட்கார்ந்து, துப்பாக்கியை மட்டும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மா சிரித்து நான் அப்படிப் பார்த்ததே இல்லை. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஜாடிகளைக் கையில் எடுத்துப் பார்த்து அரை மணி நேரம் விவாதம். சிவப்புக்குத்தான் ஓட்டு அதிகம். நான் ஜெயித்தேன். மாமா பின்னால் சேறு வழிய எழுந்து நின்று, “சரி, சிவப்புதான். அதையே எடுங்க, கெளம்பலாம்” என்று கையை நீட்டினார்.

பெரியப்பா மடியிலிருந்து சுட்டு முடித்த வெறும் கூட்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

அப்பா வரப்பைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், கையைத் தலைக்குக் கொண்டுபோனார். புதுத் தோட்டா வேண்டுமென்றால் லைசென்ஸ் புத்தகத்தோடு கடலூருக்குப் போகவேண்டும், கேட்டவுடனே கொடுக்கவும் மாட்டார்கள். மாமா திட்ட வாயெடுத்தார். ஆனால் பாதியைச் சுட்டது அவர்தானே, யாரைத் திட்டுவார்?

நான் திட்டினேன். “அறிவிருக்குதா பெரியப்பா உங்களுக்கு? இருக்கறதே ரெண்டு, ரெண்டையும் சுட்டுட்டீங்களே.” முதுகில் ஒன்று விழுந்தது. அம்மாதான். பெரியப்பா மட்டும், “அட, ஆமாம்மா. தோணவே இல்ல பாரு” என்றார். பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதிர்ச்சியும் அடையவில்லை. நாலு சேவலைக் காலையிலேயே பிடித்துப் பஞ்சாரத்தில் போட்டிருந்தார், அதை அறுக்க ஆள் தேடிப் போனார்.

மறுநாள் பெண் வீட்டார் ஒரு வேனில் வந்தார்கள். மாமா வாசலில் நின்ற கோலத்தைப் பார்த்தால் பரீட்சை முடிவு பார்க்க வந்த பிள்ளை மாதிரி இருந்தது. இலையில் சேவல் குழம்பு விழுந்ததும் பெண்ணின் அப்பா நிமிர்ந்தார். மான் எங்கே என்று கேட்டார்.

பெரியப்பா கையைத் துடைத்துக்கொண்டு, “மாப்ள சுட்ட சத்தத்துல மானெல்லாம் வேப்பூர் தாண்டிடுச்சுங்க” என்றார். பிறகு வாய்க்கால் கதையை முழுவதும் சொன்னார். மாமா தடுக்கத் தடுக்கச் சொன்னார். பெண்ணின் அப்பாவுக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, “நல்லதுங்க. நாலு நாளா எனக்குத் தூக்கமில்ல. மான் கறிய துன்னுட்டு வர்ற வழில போலீஸு புடிச்சா பொண்ண எவன் கட்டுவான்னு” என்றார். பெண்களின் பந்தியில் அந்தப் பெண்ணும் குனிந்துகொண்டு சிரித்தாள். அன்றைக்கே தேதி குறித்துவிட்டார்கள்.

நான் சாப்பிடவில்லை. விடிந்தால் பள்ளிக்கூடம், கொம்பு இல்லை. மோட்டார் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா ஒரு தட்டில் சோறும் சேவல் தொடையும் வைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நீ சொன்ன சிவப்புதான் சரி, கெட்டிக்காரி என்றார். என் மூஞ்சியைப் பார்த்தவர் சிரிக்க ஆரம்பித்தார். தோளெல்லாம் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தார்.

இவ்வளவு பெரிய ஆள் இப்படி ஒரு தப்பைச் செய்துவிட்டு, வெட்கத்தை மறைக்கச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். என் கோபம் போய் அவர்மேல் பாவமாகிவிட்டது. தட்டை வாங்கிக்கொண்டு, “அடுத்த தடவ மூணா வாங்கி வச்சுக்கங்க பெரியப்பா” என்று புத்தி சொன்னேன்.

“சரிம்மா” என்றார்.