காளான் கஷாயம்

எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மாவின் வயிற்றில் கட்டி வந்தது. தில்லியில், மயூர் விஹார் வீட்டில் அம்மாவின் அறைக் கதவு எப்போதும் ஒருக்களித்தே இருக்கும். அப்பா அலுவலகம் போய்விடுவார். பள்ளி விட்டு வந்ததும் கூடத்தில் சத்தமில்லாமல் நான் விளையாட வேண்டும். ஒருத்தி மட்டும் சத்தமில்லாமல் ஆடும் விளையாட்டுகள் எவ்வளவு குறைவு என்று அந்த வருஷம்தான் தெரிந்தது.

அம்மாவின் தம்பி, என் மாமா, முனிர்காவில் அறை எடுத்துத் தங்கி காட்டுக் காளான்களிலுள்ள மருந்துப் பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஞாயிறுதோறும் வருவார்.

"அக்கா, ஒரு காளான்லேர்ந்து எடுத்த சத்து, கட்டியோட செல்களை வளரவிடாம நிறுத்திடுச்சு" என்றார் ஒருநாள். சோதனைக் குழாயில்தான், மனிதர்களுக்கு வர வருஷங்கள் ஆகும் என்றும் சொன்னார். எனக்கு முதல் பாதியே போதுமானதாக இருந்தது.

அந்த வாரம் நல்ல மழை. பூங்காவில் வேப்பமரத்தடியில் வெள்ளை வெள்ளையாகக் காளான்கள் முளைத்திருந்தன. டிபன் டப்பா நிறையப் பறித்து வந்து, மிளகு தட்டிப் போட்டுக் கொதிக்கவைத்து, டம்ளரில் எடுத்துப் போனேன்.

"என்னடி இது?"

"மாமா சொன்ன காளான் மருந்து."

அம்மா டம்ளரை வாங்கவில்லை. "நீ குடிச்சியா?"

"ஒரு வாய். கசக்குதான்னு பார்த்தேன்."

பிடித்துத் தூக்காமல் எழுந்திருக்க முடியாத அம்மா எழுந்தாள். என் வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்க வைத்தாள். மிச்சக் காளானைப் பையில் அள்ளிக்கொண்டு, நைட்டிமேல் துப்பட்டாவைப் போட்டு, செருப்பில்லாமல் மூன்று மாடி இறங்கினாள். தெருவில் போன ஆட்டோவை மறித்து, "பய்யா, ஆஸ்பத்திரி! ஜல்தி!" என்று ஓட்டுநரை இந்தியில் அவசரப்படுத்தினாள்.

ஆட்டோவில் அம்மா என்னை மடியில் இறுக்கிக்கொண்டாள். பல மாதங்களுக்குப் பிறகு கிடைத்த மடி. ஆஸ்பத்திரி இன்னும் தூரமாக இருக்கக் கூடாதா என்றிருந்தது.

எனக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் அம்மா தரையில் சரிந்தாள். அவளையும் பக்கத்துக் கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

சாயங்காலம் மாமா ஓடிவந்தார். பையைத் திறந்து காளானைப் பார்த்தார். "விஷக் காளான். ஒரு வாயோட தப்பிச்சே" என்றார், முகம் வெளுத்து.

"மாமா, அம்மா யாரும் பிடிக்காமலே மாடி இறங்கிட்டாங்க" என்றேன் ரகசியமாக. "மருந்து குடிக்காமலே சரியாயிடுச்சு."

மாமா என் கால்மாட்டில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.